முகவரியில் இல்லாதவர்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் என் எண்ணைப் பார்த்தால் எடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். இந்த ஆறு வருடத்தில் நான்கு முறை அதைச் சோதித்துப் பார்த்துவிட்டேன். அதனால் கடிதம். கைக்கு வந்த காகிதத்தைப் படிக்காமல் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை நீங்கள். ஊரார் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்கும் பத்திரத்தையே ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தானே மெஷினில் வைப்பீர்கள்.

விஷயம் இதுதான். வணிக வளாகம் திறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதனால் அந்தப் பகுதி மக்களுக்கு என்ன நன்மை கிடைத்தது என்று மறு ஆய்வு செய்து தரும்படி வளாகத்தைக் கட்டிய நிறுவனம் எங்கள் அலுவலகத்தைக் கேட்டிருக்கிறது. கட்டுவதற்கு முன்பு நடந்த ஆய்வை எழுதியது நான் என்பதால் இதுவும் என் தலையில் வந்து விழுந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இரண்டாம் கட்டம் வரப்போகிறது. அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இந்த அறிக்கையைத்தான் வாசிப்பார்கள்.

நூற்றிருபது குடும்பங்களைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் எடுத்தது. முப்பத்தெட்டாவது உங்கள் வீடு. நான் எடுக்கவில்லை, தானாக வந்தது. நீக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு மனசு வரவில்லை. கேள்வித்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்பினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை

---

பிப்ரவரி 22

தங்கச்சிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். எப்போதிருந்து? ஆபீஸ் கடிதத்தில் அப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது.

கேள்வித்தாள் வந்தது. நான்கு தாள், எல்லாம் ஒரு பக்கம் மட்டும் அச்சு. பின்பக்கம் வீண். இந்தத் தெருவில் எனக்கு 'ரெண்டு பக்கம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். யார் வந்தாலும் "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்று கேட்பேன். இப்போது அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.

பதினாலாவது கேள்வி: குடும்ப வருமானம் கூடியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, குறைந்திருக்கிறதா? அதை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். பொழுதுக்கு என்ன குறை, கடையில் கூட்டமா நெரிகிறது?

கடையைப் பற்றிச் சொல்கிறேன். 'வளாகத்துக்குள் கடை ஒதுக்கப்படும்' என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதை அத்தனை பேருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தவனே நான்தான். எந்தத் தளம் என்று எழுதி வாங்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாடிக்கட்டடம் என்றால் மேலேதான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம். கொடுத்தது தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில், கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில். ஒரு நாளில் ஜெராக்ஸ் கேட்டு வருகிறவர்களைவிட லிஃப்ட் எங்கே என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். சாலையை அகலப்படுத்தும்போது பத்திரப் பதிவு அலுவலகத்தையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பத்திரம் இல்லாமல் ஜெராக்ஸ் ஏது?

உன் அண்ணிக்கு வளாகத்தில் வேலை. மூன்றாவது தளத்துக்கும் நான்காவது தளத்துக்கும் துப்புரவு மேற்பார்வை. பதினாறு வருடம் என் கடையில் பைண்டிங் போட்டாள், ஸ்டேப்ளர் அடித்தாள். நான் சம்பளம் என்று எதுவும் கொடுத்ததில்லை. இப்போது மாதம் பிறந்தால் அவள் பெயருக்கு வருகிறது. அவளுடையதையும் என்னுடையதையும் கூட்டினால் முன்பைவிட அதிகம்தான். அதனால் 'கூடியிருக்கிறது' என்பதில் டிக் போட்டிருக்கிறேன். பொய் இல்லை. மற்ற கேள்விகளைத் தொடவில்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேனே, கடையெல்லாம் எங்கே கொடுப்பீர்கள் என்று, நினைவிருக்கிறதா? மேடையில் இருந்தாய். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "அந்த ஐயா கேட்டதைக் குறிச்சுக்கிறோம்" என்றாய். ஐயாவா நான் உனக்கு? அதற்குப் பிறகு உன் போனை எடுத்து என்ன பேசுவது?

அண்ணன்

---

மார்ச் 5

அண்ணா,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். பதிலை ஆறு வருடமாக மனசுக்குள் எழுதி எழுதி அழித்திருக்கிறேன். இப்போது எழுதும்போது எல்லாமே சாக்குப்போக்காகத்தான் தெரிகிறது.

ஆய்வு நடக்கிற இடத்தில் நெருங்கிய சொந்தக்காரர்கள் இருந்தால் முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அந்த வேலை வேறு ஆளிடம் போயிருக்கும். தலைமை தாங்கி நான் செய்த முதல் ஆய்வு அது. நீ எழுந்து நின்றதும் மைக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். எல்லார் முன்னாலும் 'தங்கச்சி' என்று கூப்பிட்டுவிடுவாயோ என்று பயம். நீ கூப்பிடவில்லை. நான்தான் முந்திக்கொண்டு ஐயா என்றேன். வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த அறிக்கையில் நான் பொய் எழுதவில்லை. வேலை கிடைக்கும் என்று எழுதினேன், கிடைத்தது. பஸ் வரும் என்று எழுதினேன், வருகிறது. மழைநீர் வடிகால் வரும் என்றேன், வந்திருக்கிறது. அதையெல்லாம் நம்பித்தான் எழுதினேன்.

இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு ஒன்று. குலுக்கலில் எடுத்த நூற்றிருபது குடும்பமும் இன்று அந்தப் பகுதியில் இருக்கிறவர்கள். பழைய பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் வீடு வீடாகப் போய்ப் பேசியவர்களில் பாதிக்கு மேல் இன்று அங்கே இல்லை. அவர்கள் பெயருக்கு எதிரே 'முகவரியில் இல்லை' என்று குறிப்பு. குறிப்பு எழுதியதும் கணக்கில் இருந்து அவர்களை எடுத்துவிடுவோம். அதுதான் முறை. இருக்கிறவர்களிடம் மட்டும் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். போனவர்களை யார் கேட்பது?

உனக்குத் தெரிந்திருக்கும், யார் எங்கே போனார்கள் என்று. அத்தனை பேர் காகிதமும் உன் கை வழியாகத்தானே போயிற்று. பத்துப் பேர் முகவரி கிடைத்தாலும் போதும்.

அண்ணி நாள் முழுக்க நிற்கிறாளா? உட்கார விடுவார்களா?

தங்கை

---

மார்ச் 30

தங்கச்சிக்கு,

உன் வேலையை நான் ஏன் செய்ய வேண்டும் என்று இரண்டு வாரம் சும்மா இருந்தேன். மூன்றாவது வாரம் உன் அண்ணிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. "போய்த்தான் பாப்போமே, வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறோம்" என்றாள். போனோம்.

கடைசி பஸ் நிறுத்தத்தில் இறங்கி அரை மணி நடை. வீடு இடிபட்டவர்களுக்குக் கொடுத்த நான்கு மாடிக் குடியிருப்பு, வரிசையாகப் பன்னிரண்டு கட்டடம், எல்லாம் ஒரே மஞ்சள். நம் தெருக்காரர்கள் பதினோரு குடும்பம் அங்கே இருக்கிறார்கள். முகவரிகளைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் பூட்டுக்காரர் வீடு. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"ஏம்ப்பா, துக்கம் விசாரிக்க வந்த மாதிரி நிக்கிற? நான் நல்லாத்தான் இருக்கேன். அங்க மழை பெஞ்சா கடைக்குள்ள முழங்கால் தண்ணி. இங்க மூணாவது மாடி. ஒரு சொட்டு ஏறாது. உன் தங்கச்சிகிட்ட சொல்லு, பூட்டுக்காரன் திட்டலன்னு."

நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் அப்படியே எழுதுகிறேன். அவர் சொன்னதும் பொய் இல்லை.

அடுத்த கட்டடத்தில் டைப்பிங் அம்மா. பதிவு அலுவலக வாசலில் மேசை போட்டு மனு அடித்துக் கொடுப்பாரே, அவர்தான். இப்போது எந்த வேலையும் இல்லை. மகன் வீட்டில் ஒரு அறை. நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் மருமகள் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அங்க என்னைத் தேடி ஆள் வரும்" என்றார். "இங்க நான்தான் ஆளைத் தேடணும். இந்த வயசுல எங்கேன்னு போய்த் தேடறது?"

குரலில் கோபம் எதுவும் இல்லை. டீ கொடுத்தார். அதை எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கடைசியாகக் கண்ணாடிக்கடைக்காரர். என்னைப் பார்த்ததும் ஒரே ஒரு வார்த்தை. "உன்ன நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்." கதவைச் சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நாங்கள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டோம்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இடத்தைக் கொடுக்கச் சம்மதப் படிவத்தை நகல் எடுக்க வந்தபோது ஒவ்வொருவரும் என்னைத்தான் கேட்டார்கள், போடலாமா என்று. "அந்த ரிப்போர்ட்டை எழுதினது என் தங்கச்சி. அவ பொய் எழுத மாட்டா" என்று சொன்னேன். ஒருத்தர் இரண்டு பேரிடம் இல்லை, தெரு முழுக்க. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தார். அவருக்காகத்தான் அன்றைக்கு எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். நீ என்னைப் பார்த்து, "அண்ணா, ரோட்டைப் பாத்த மாதிரியே கொடுப்பாங்க, கவலப்படாத" என்பாய், அவர் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்தேன்.

நீ ஐயா என்றாய். பக்கத்தில் இருந்த கண்ணாடிக்கடைக்காரர் திரும்பி, "உன் தங்கச்சின்னு சொன்னியே" என்று கேட்டார். "மேடையில அப்படித்தான் பேசணும்" என்று சமாளித்தேன். அதற்குப் பிறகும் அவர் போட்டார், என் வார்த்தைக்காக.

அதனால் என் கோபம் முழுக்க உன் மேல் மட்டும் இல்லை. உன் மேல் என்று வைத்துக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

உன் அண்ணியை உட்கார விடுவதில்லை. நாற்காலியெல்லாம் வாடிக்கையாளர்களுக்கு.

அண்ணன்

---

ஏப்ரல் 14

அண்ணா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு முகம் கழுவப் போய், அங்கேயே வெகுநேரம் நின்றிருந்தேன்.

நீ கொடுத்த முகவரிகளுக்கு ஆள் அனுப்பிப் பதினோரு குடும்பத்தையும் விசாரித்தோம். கண்ணாடிக்கடைக்காரரும் பேசினார், என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். பூட்டுக்காரர் சொன்னதையும் டைப்பிங் அம்மா சொன்னதையும் கூட்டாமல் குறைக்காமல் பின்னிணைப்பாகச் சேர்த்தேன். நன்மை இல்லை என்று நான் எழுதவில்லை. யாருக்கு நன்மை, யார் வெளியேறினார்கள், நன்மை என்று எண்ணும்போது யாரை எண்ணாமல் விடுகிறோம் என்று இரண்டு பக்கம் எழுதினேன்.

மேலாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், கத்தவெல்லாம் இல்லை.

"இது ஆய்வு எல்லைக்கு வெளியே வருதும்மா. எடுத்துடுங்க. மத்ததெல்லாம் பிரமாதமா இருக்கு."

"எல்லையை வரைஞ்சது நாமதானே சார்?"

"நாம இல்ல. பணி கொடுத்தவங்க."

பின்னிணைப்பை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மே ஆறாம் தேதி கூட்டம். மேடையில் மறுபடியும் நான்தான். நாற்பத்தாறு வயது எனக்கு. இதை விட்டால் இன்னொரு இடத்தில் போய், சின்னப் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து வேலை கேட்க வேண்டும். அந்தத் தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் போடவில்லை என்றால் வேறு யாராவது போடுவார்கள், வளாகம் வரத்தான் போகிறது. இதைத் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது.

நீ என்ன சொல்கிறாய்?

தங்கை

---

ஏப்ரல் 25

தங்கச்சிக்கு,

நான் என்ன சொல்வது? என் வாய் ஒரு தடவை பேசிக் கெட்டது போதாதா?

ஆனால் விடமாட்டேன் என்கிறார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து போன வாரம் நான்கு பேர் கடைக்கு வந்தார்கள். ஒரு பெயிண்டர், அவர் மனைவி, பால் போடுகிறவர், ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். கையில் அதே சம்மதப் படிவம். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிசாகியிருக்கிறது.

பெயிண்டர்தான் கேட்டார். "நீங்க போட்டவரு. சொல்லுங்க, நாங்க போடலாமா?"

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று எனக்குத் தெரியும். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம், போட வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்றேன். அவள் காலைச் சுடுதண்ணீரில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வந்ததும் அதுதான் முதல் வேலை. கணுக்காலில் வளையல் போட்ட மாதிரி வீக்கம்.

"ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்றாள். "அந்தப் பொம்பளைங்க நாலு குடம் தண்ணிக்கு வரிசையில நிக்கிறாங்க. அவங்களுக்கு ஒரு வேலை கிடைச்சா வேணாமா? எனக்குக் கால் வலிக்குதுதான். உங்க கடையில நின்னப்பவும் வலிச்சுது. அப்ப யாரும் கேக்கல, நீங்களும் கேக்கல."

பிறகு அவளே, காலைத் துடைத்துக்கொண்டே, "ஆனா சும்மா போடாதீங்கன்னு சொல்லுங்க. நம்மள மாதிரி கேக்காம போடாதீங்கன்னு" என்றாள்.

மறுநாள் அவர்களை உட்காரவைத்து எனக்கு நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கீழ்த்தளம், லிஃப்ட், பூட்டுக்காரர், டைப்பிங் அம்மா, உன் அண்ணியின் சம்பளம், அவள் கால், எல்லாவற்றையும். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. எந்தத் தளம் என்று எழுதி வாங்குங்கள், வேலை என்றால் என்ன வேலை, உட்கார நாற்காலி உண்டா என்று கேளுங்கள், போகிறவர்கள் எங்கே போவார்கள் என்று கேளுங்கள் என்றேன். வாத்தியார் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். பெயிண்டருக்குத்தான் திருப்தி இல்லை. "நேரா ஒரு பதில் சொல்ல மாட்டேங்கறீங்களே" என்றார். இருந்தால் சொல்ல மாட்டேனா?

உனக்கும் அதேதான். எனக்காக வேலையை விடாதே. நீ கையெழுத்துப் போட்டாலும் தங்கச்சிதான். மே ஆறாம் தேதி நானும் கூட்டத்துக்கு வருகிறேன். உன்னைச் சங்கடப்படுத்த இல்லை. பின்னால்தான் உட்காருவேன்.

அண்ணன்

---

மே 2

அண்ணா,

போடவில்லை. மேலாளர் இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார். இரண்டாவது நாளும் போடவில்லை. என் பெயரை எடுத்துவிட்டு வேறு ஒருவர் பெயரில் அறிக்கை போகிறது. மேடையில் என் நாற்காலி இல்லை.

பெரிதாகத் தைரியம் வந்து செய்தேன் என்று நினைக்காதே. பேனாவை எடுத்தேன், கை போகவில்லை. அவ்வளவுதான்.

ஆறாம் தேதி நானும் வருகிறேன். பொதுமக்கள் பக்கம் உட்காருவேன்.

தங்கை

---

மே 10

தங்கச்சிக்கு,

கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேராக ரயிலுக்குப் போய்விட்டாய். உன் அண்ணி ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, லீவு போட்டுச் சமைத்து வைத்திருந்தாள். அதை முதலில் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு உன்னிடம் பேச முடியவில்லை. கூட்டம் சுற்றிக்கொண்டது. இப்போது எழுதுகிறேன்.

அறிக்கையை வாசித்தபோது ஹாலில் யாரும் கேட்கவில்லை. நீ எழுந்து மைக்கை வாங்கியதும்தான் நிமிர்ந்தார்கள். "கட்டுறதுக்கு முன்னாடி நடந்த ஆய்வை எழுதினது நான். பின்வரிசையில உக்காந்திருக்காரே, அவர் என் அண்ணன். அன்னிக்கு மேடையில இருந்து அவரைத் தெரியாத மாதிரி நடந்துக்கிட்டேன்" என்றாய். உன் குரல் நம் அம்மாவின் குரல் மாதிரி இருந்தது. பிறகு பதினோரு குடும்பத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாய். ஏழாவதில், கூட்டத்தை நடத்திய அதிகாரி நேரமாகிவிட்டது என்றார். நீ நிறுத்தவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் வந்திருந்தார், பார்த்தாயா? கதவோரமாக நின்றார். பதினோராவதைச் சொல்லி முடித்ததும் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

அதனால் எதுவும் நின்றுவிடவில்லை. இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிடும் என்கிறார்கள். கால்வாய்க்காரர்களில் பாதிப் பேர் போட்டுவிடுவார்கள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. மீதிப் பேர் எந்தத் தளம் என்று எழுதிக் கேட்டுக் காத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை.

நேற்று வாத்தியாரும் பெயிண்டர் மனைவியும் வந்தார்கள். இடிப்பதற்கு முன்பு தாங்களே ஒரு பதிவேடு எழுத வேண்டும் என்கிறார்கள். யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், போனால் எங்கே போகிறார்கள் என்று வீடு வீடாக. பிற்பாடு யாரையும் முகவரியில் இல்லை என்று எழுதிவிட முடியாதபடி. அதை எப்படி எழுதுவது என்று தெரிந்த ஆள் வேண்டுமாம்.

"உங்க தங்கச்சிக்கு எதெல்லாம் விட்டுப் போகும்னு தெரியும். அவங்க வருவாங்களா?" என்று பெயிண்டர் மனைவி கேட்டாள்.

சம்பளம் கிடையாது, சொல்லிவிடுகிறேன். வாத்தியார் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி. நகல் எடுக்கிற வேலை என் பொறுப்பு. வருவாள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் உனக்காக எதுவும் சொல்லப் போவதில்லை.

அண்ணன்

---

மே 17

அண்ணா,

நேற்றோடு அலுவலகக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். வெளிப்படையாக யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பெண் பூங்கொத்துகூடக் கொடுத்தாள்.

அந்தப் பதிவேட்டால் எதுவும் மாறும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. ஆனாலும் எழுதலாம். எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, எனக்கு வழி தெரியும். வந்ததும் எதையும் கேட்காதே. வேலை, அடுத்து என்ன, எதையும். ரொம்பக் களைப்பாக இருக்கிறது, அண்ணா. படுக்க ஒரு பாய் போட்டு வைக்கச் சொல் அண்ணியை. எழுந்த பிறகு அவளுக்கு நானே சுடுதண்ணீர் வைத்துத் தருகிறேன்.

தங்கை